விடுவதென்றால் தண்ணீரிலேயே விடுங்கள்

கேள்வி: ஐயா, செங்கல்பட்டுப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் ராடு எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போகிற நான்கைந்து பேர் நாங்கள். எல்லோரும் கம்பெனி வேலையில் இருக்கிறோம். மீன் பிடித்துப் பிழைக்க வேண்டிய நிலை யாருக்கும் இல்லை. இப்போது எங்களுக்குள் ஒரு தகராறு. பிடித்த மீனையெல்லாம் போட்டோ எடுத்துவிட்டுத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும், அதுதான் நாகரிகம் என்கிறார்கள் இருவர். என் அப்பா சின்ன வயதில் மூங்கில் கம்பில் தூண்டில் போட்டவர். அவர் கேட்கிறார்: "திங்கறதுக்கு இல்லன்னா எதுக்குடா அதோட வாயில முள்ளக் குத்துறீங்க?" எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே படுகிறது. சட்டம் என்ன சொல்கிறது? எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும்? விட்ட மீன் உண்மையிலேயே பிழைக்கிறதா?
— வாசகர், செங்கல்பட்டு

பதில்: உங்கள் அப்பா கேட்டதைச் சட்டமாகவே வைத்திருக்கிற நாடுகள் உண்டு. தக்க காரணமில்லாமல் ஒரு விலங்குக்கு வலி உண்டாக்கக் கூடாது என்பது ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம். சாப்பாடு தக்க காரணம், வெறும் பொழுதுபோக்கு அப்படியல்ல என்று அங்கே பொருள் கொள்கிறார்கள். அதனால் விடுவதற்கென்றே மீன் பிடிப்பவர் அங்கே வழக்கில் மாட்டலாம். சுவிட்சர்லாந்திலும் 2009 முதல் அதற்குத் தடை. இங்கிலாந்துக்குப் போனால் கதையே வேறு. அங்கே கார்ப் கெண்டை பிடிப்பவர்களிடம் மீனை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பல முறை பிடித்து விடப்பட்ட பெரிய மீன்களுக்குப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். ஆகவே விடுவதுதான் நாகரிகம் என்று உங்கள் நண்பர்கள் சொல்வது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட முடிவு அல்ல.

மீனுக்கு வலிக்குமா என்று கேட்டால், வலிக்காது என்று அடித்துச் சொல்லும் துணிச்சல் இப்போது யாருக்கும் இருக்கக் கூடாது. 2003-இல் லின் ஸ்னெட்டன் என்ற விஞ்ஞானியும் உடன் பணிபுரிந்தவர்களும் டிரவுட் மீனின் முகத்தில் வலியுணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் அடித்தளத்துக் கூழாங்கல்லில் வாயைத் தேய்த்தன, வெகுநேரம் இரை தொடவில்லை. நம்மைப் போலவே அது வலியை 'அனுபவிக்கிறதா' என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஓயும்வரை மீனுக்குச் சாதகமாக நடந்துகொள்வதில் நமக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

என் கருத்து இது. சாப்பிடப் பிடிப்பதில் தப்பில்லை, பிடித்ததை விடுவதிலும் தப்பில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் தப்பு. மீனைக் கரையில் போட்டு மண்ணில் புரளவிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கிப் பிடித்து, வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு முறை எடுத்து, ஸ்டேட்டஸ் போட்ட பிறகு 'ரிலீஸ்' செய்கிறார்களே, அதைச் சொல்கிறேன். செவுளில் கயிறு கோத்து நாள் முழுக்கத் தண்ணீரில் கட்டிப்போட்டுவிட்டு, சாயங்காலம் பெரியது ஒன்று கிடைத்ததும் சின்னதை அவிழ்த்துவிடுவதும் இதே வகைதான். அந்த மீன் சாப்பாட்டுக்கும் ஆகவில்லை, ஏரிக்கும் மிஞ்சவில்லை. கண்ணெதிரே வாலடித்துப் போனதால் பிழைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சாகிற மீன் பெரும்பாலும் நீங்கள் வீடு திரும்பிய பிறகுதான் சாகும்.

இதற்குக் கணக்கு உண்டு. 1992-இல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் டிரவுட் மீன்களைக் களைத்துப்போகும்வரை துரத்தி, சிலவற்றைத் தண்ணீரிலேயே விட்டார்கள், சிலவற்றைச் சிறிது நேரம் காற்றில் வைத்திருந்து விட்டார்கள். தண்ணீரைவிட்டு எடுக்கப்படாதவற்றில் 12 மணி நேரத்துக்குப் பின் 88 சதவீதம் உயிரோடு இருந்தன. 30 நொடி காற்றில் இருந்தவற்றில் 62 சதவீதம். ஒரு நிமிடம் இருந்தவற்றில் வெறும் 28. ஓடிக் களைத்து மூச்சிரைக்க நிற்பவனின் வாயையும் மூக்கையும் பொத்தினால் என்ன ஆகுமோ அதுதான். அது குளிர்நீர் மீன், ஆய்வகச் சோதனை, எல்லா மீனுக்கும் அதே எண் வராது என்பது உண்மை. ஆனால் நம் ஏரிகளில் நிலைமை இன்னும் மோசமாகவே இருக்கும். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். சித்திரை வெயிலில், அடி தெரிய வற்றிக் கிடக்கிற ஏரியில் ரோகுவையோ கட்லாவையோ கால் மணி நேரம் இழுத்து விளையாடிவிட்டு விடுவது பெரும்பாலும் வேஷம்தான். அந்த மாதங்களில் வெயில் ஏறுவதற்குள் சுருட்டிக்கொண்டு கிளம்புங்கள். இல்லாவிட்டால் சமைக்கிற அளவுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு நிறுத்துங்கள்.

இனி சட்டம். முதல் கேள்வி, அந்த மீன் யாருடையது? நம் ஊர் ஏரி, கண்மாய்களில் பலவற்றை மீன்பாசி குத்தகைக்கு விட்டிருப்பார்கள். குத்தகைக்காரர் காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். அவர் சம்மதமில்லாமல் தூண்டில் போட்டால் அது திருட்டு. பிடித்து விட்டுவிட்டேனே என்று சொல்லித் தப்ப முடியாது. நேரில் போய்ப் பேசுங்கள். பல இடங்களில் ஒரு தொகை வாங்கிக்கொண்டு, "விரால் கிடைச்சா எடுத்துக்குங்க, கட்லா வந்தா விட்டுடுங்க" என்று அவர்களே வழி சொல்லிவிடுவார்கள். அந்த வார்த்தைதான் அந்த ஏரியின் சட்டம்.

இரண்டாவது, இடம். உங்கள் மாவட்டத்திலேயே வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பறவைகள் சரணாலயங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் உள்ள உயிரினத்தில் அனுமதியில்லாமல் கைவைக்கக் கூடாது, அதில் மீனும் அடக்கம். அங்கே ராடோடு நிற்பதையே தவிருங்கள். மூன்றாவது, தோட்டா போடுவதும் விஷம் கலப்பதும் 1897-இன் மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். உங்களுக்கு இது தேவையில்லை, ஆனால் கண்ணில் பட்டால் புகார் சொல்ல வேண்டும்.

சட்டம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. விரால் குஞ்சு.

மழைக்காலத்தில் அல்லியும் ஆகாயத்தாமரையும் ஒதுங்கிய கரையோரம் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பாருங்கள். ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தண்ணீர் செம்மஞ்சளாகத் துடித்துக்கொண்டிருக்கும். மேலே வரும், பொடிப்பொடியாகக் குமிழி விடும், உள்ளே அமுங்கும், இரண்டடி தள்ளி மறுபடி மேலே வரும். அத்தனையும் விரால் குஞ்சுகள். அதற்கு நேர் கீழே தாயோ தகப்பனோ, சில சமயம் இரண்டுமோ காவல் நிற்கும். அவ்வப்போது கருத்த தலை ஒன்று மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். ராடு பிடிக்கிறவர்களுக்கு இது தெரியும். தெரிந்துதான் தவளை லூரை, அதாவது தவளை வடிவப் போலி இரையை, குஞ்சுக் கூட்டத்தின் நடுவே வீசி இழுக்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது வீச்சிலேயே தண்ணீர் வெடிக்கும். அந்த மீன் பசிக்காகக் கடிக்கவில்லை, குஞ்சை நெருங்கியதை விரட்டக் கடிக்கிறது. இதில் தூண்டில்காரரின் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. காவல்காரன் போன அடுத்த நிமிடமே கெண்டையும் கெளுத்தியும் சில்லறை மீன்களும் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கிவிடும்.

இங்கே விட்டுவிடுவதும் முழுத் தீர்வு அல்ல. இதே போலக் குஞ்சு காக்கும் வட அமெரிக்க பாஸ் மீன்களை இது குறித்து நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். தகப்பன் மீனைச் சில நிமிடம் பிடித்து வைத்திருந்து விட்டால்கூட, அதற்குள் மற்ற மீன்கள் கூட்டில் புகுந்துவிடுகின்றன. களைத்துத் திரும்பிய மீன் கூட்டையே கைவிட்டுப் போவதும் உண்டு. ஆகவே குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் லூரைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போங்கள். உங்கள் குழுவுக்கு ஒரே ஒரு விதி போதும் என்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

விடும் முறைக்கு வருகிறேன். முள்ளின் நுனிக்குச் சற்றுப் பின்னால், எதிர்ப்பக்கம் பார்த்து ஒரு சின்னக் காது நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அதைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். ஓரிரு மீன் கூடுதலாகத் தப்பும், போகட்டும். மீதி மீன்களின் வாயிலிருந்து முள் ஒரே திருப்பலில் வந்துவிடும். மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். துணியால் பிடிக்காதீர்கள். மேலே உள்ள வழவழப்புதான் கிருமியிலிருந்து அதைக் காக்கிறது, அது உரிந்தால் சில நாள் கழித்துப் புண் வைத்துச் சாகக்கூடும். பெரிய மீனைத் தாடையில் மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாதீர்கள், வயிற்றுக்கடியில் இன்னொரு கை வேண்டும். முள் தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காதீர்கள். தூண்டில் நரம்பை வாயருகே நறுக்கிவிட்டு விடுங்கள், பிடுங்கப்பட்ட மீனைவிட அது பிழைக்க வாய்ப்பு அதிகம். விராலைப் பற்றி ஒரு சலுகை சொல்லலாம். அது வெளிக்காற்றைச் சுவாசிக்கும் மீன், சற்றுத் தாமதமானாலும் தாங்கும். கெண்டை வகைகள் தாங்காது. போட்டோ வேண்டுமா? மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்திருங்கள், எடுப்பவர் முதலில் போனைத் தயாராக வைக்கட்டும்.

வைத்துக்கொள்வதென்றாலும் முறை உண்டு. நம்மவர்கள் பிடித்த மீனைக் கோணிப்பையிலோ பிளாஸ்டிக் பையிலோ போட்டு, அது அரை மணி நேரம் துள்ளித் துள்ளி அடங்குவதைக் கேட்டுக்கொண்டே அடுத்த தூண்டில் போடுகிறார்கள். இது வேண்டாம். கண்ணுக்குச் சற்று மேலே, பின்தலையில் கனமான கட்டையால் ஓங்கி ஒரே அடி. உடனே செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு ஐஸில் வையுங்கள். மீனுக்கும் வேதனை குறைவு, குழம்பிலும் வித்தியாசம் தெரியும். துள்ளிச் செத்த மீனின் சதை சீக்கிரம் தளர்ந்துவிடும் என்று மீன் வெட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் கேட்டது சரியான கேள்வி. ஆனால் சமைக்க இரண்டு மீன் போதும் என்கிற இடத்தில் இருபது பிடித்துத் தெருவுக்கெல்லாம் கொடுப்பதற்கு அந்தக் கேள்வி அனுமதிச் சீட்டு ஆகாது.

கேள்வி: முட்டுக்காடு பக்கம் என் கணவர் தூண்டில் போடுவார். பெரிய கொடுவா மாட்டினால் விட்டுவிட வேண்டும் என்று அவருடைய நண்பர் ஒருவர் சொல்கிறார். சின்னதை விட்டுப் பெரியதை எடுப்பதுதானே முறை? தலைகீழாக இருக்கிறதே!
— வாசகி, திருப்போரூர்

பதில்: தலைகீழ்தான், ஆனால் காரணம் இருக்கிறது. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். எனவே கைக்கு அடங்காத பெரிய கொடுவா அநேகமாகப் பெண்தான். பெரிய பெண் மீன் இடும் முட்டை லட்சங்களில் இருக்கும். சின்னதோ ஒரு முறைகூட இனப்பெருக்கம் செய்திருக்காது. அதனால் இரண்டு முனையையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதை எடுப்பதே நியாயம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதையே விதியாக வைத்திருக்கிறார்கள்: 58 செ.மீ.க்குக் குறைந்த கொடுவாவையும் 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கணவர் ராடின் அடிப்பகுதியில் 58-ஐ ஒரு கோடாகப் போட்டு வைத்துக்கொள்ளலாம். மேல் எல்லைக்கு 120 வரை காத்திருக்க வேண்டியதில்லை. மீட்டரை நெருங்கிய மீனை விட்டுவிட்டால் புண்ணியம்.

களவா இதற்கு நேர் எதிர். முதலில் பெண், பிறகு ஆண். ஆழத்திலிருந்து இழுத்த களவாவின் வாயில் பலூன் மாதிரி ஏதோ பிதுங்கி நிற்கும். அது காற்றுப்பை என்று நினைத்து ஊசியால் குத்துகிறவர்கள் உண்டு. அது இரைப்பை. உள்ளே காற்றுப்பை உப்பி அதை வெளியே தள்ளியிருக்கிறது. குத்தினால் மீனுக்குச் சாவுதான். மேலேயே விட்டாலும் மிதந்துகொண்டே இருந்து பருந்துக்கு இரையாகும். அதை அதே ஆழத்துக்கு இறக்கி விடுவிக்கும் எடைக் கருவிகள் இருக்கின்றன. அது இல்லாதவர்கள் ஆழ்கடலில் 'பிடித்து விடுகிறேன்' என்ற பேச்சையே எடுக்க வேண்டாம், தேவையான அளவு பிடித்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடலாம்.

கடலில் சட்டப்படி கட்டாயம் விட வேண்டியவையும் உண்டு. ரம்ப மூக்குள்ள வேளா, திமிங்கிலச் சுறா, கடல் குதிரை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. 2022-இல் திருத்தப்பட்ட பட்டியலில் இன்னும் பல சுறா, திருக்கை வகைகள் சேர்ந்திருக்கின்றன. அடையாளம் தெரியாத சுறாவோ திருக்கையோ மாட்டினால் நரம்பை நறுக்கிவிடுவது எல்லா வகையிலும் நல்லது.

கேள்வி: ஏரியில் ஆப்பிரிக்கக் கெளுத்திதான் அதிகம் கிடைக்கிறது. அதையும் விட்டுவிடலாமா?
— வாசகர், அரக்கோணம்

பதில்: கூடாது. நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன் அது. குஞ்சு, தவளை, நத்தை என்று ஒன்றையும் விடாமல் தின்று ஏரியைக் காலி செய்யும். கொன்றுவிடுங்கள். தொட்டியிலிருந்து யாரோ கொட்டிவிட்டு இப்போது நீர்நிலைகளில் பெருகிவிட்ட 'டேங்க் கிளீனர்' மீனுக்கும் இதே பதில். ஜிலேபியும் வெளியூர் மீன்தான், 1950-களில் இங்கே வந்தது. அதை ஒழிக்க இனி நம்மால் ஆகாது, ஆனால் பிடித்ததைத் திருப்பி விடவும் அவசியமில்லை. வறுத்தால் நன்றாகவே இருக்கும். வீட்டுத் தொட்டி மீனையும், மிச்சமான உயிருள்ள தூண்டில் இரையையும் ஏரியில் கொட்டாதீர்கள். அதற்குப் பெயர் ஜீவகாருண்யம் இல்லை.

கேள்வி: காவிரியில் ஆளுயர மஹ்சீர் இருந்ததாகத் தாத்தா சொல்வார். வெள்ளைக்காரர்கள் பிடித்துத் தீர்த்துவிட்டார்களா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: தாத்தா சொன்னதில் மிகை குறைவு. 1946-இல் கபினியில் மைசூரின் வான் இங்கன் என்ற குடும்பத்தவர் ஒருவர் தூண்டிலில் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 54 கிலோ. அந்தப் பெரிய மீன், முதுகு மேடிட்ட காவிரி மஹ்சீர். காவிரியையும் அதன் கிளைகளையும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. இப்போது அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. மிஞ்சியிருக்கும் சில இடங்களில் மோயாறு ஒன்று.

தீர்த்தது தூண்டில்காரர்கள் மட்டும் அல்ல. அணைகள், மணல் அள்ளுதல், தோட்டா எல்லாம் சேர்ந்தது. இன்னொன்றும் உண்டு, அது நல்ல எண்ணத்தில் நடந்தது. லோனாவாலாவில் உள்ள டாடா நிறுவனக் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து நீலத் துடுப்பு கொண்ட வேறொரு மஹ்சீரைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். ஆற்றில் மஹ்சீர் பெருகியது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். பெருகியது வந்த மீன், குறைந்துகொண்டே போனது நம் மீன். இது எப்படித் தெரியவந்தது தெரியுமா? கர்நாடகத்தின் கலிபோர் முகாமில் பிடித்து விடும் முறையில் மீன் பிடித்தவர்கள் ஒவ்வொரு மீனின் வகையையும் எடையையும் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பதிவுகளை ஆராய்ந்தபோதுதான் ஒன்று ஏறுவதும் மற்றொன்று இறங்குவதும் வெளிச்சத்துக்கு வந்தது.

உங்கள் ஊரை ஒட்டிய காட்டுப் பகுதி 2014 முதல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். அதன் எல்லைக்குள் தூண்டில் போடாதீர்கள். வெளியே ஒகேனக்கல் பரிசல்காரர்களுடனோ மீனவர்களுடனோ போகும்போது மேடிட்ட முதுகுள்ள மஹ்சீர் வலையில் வந்ததாகக் கேள்விப்பட்டால் படம், தேதி, இடம் மூன்றையும் குறித்து மீன்வளத் துறைக்கும் வனத்துறைக்கும் தெரியப்படுத்துங்கள். செங்கல்பட்டு நண்பர்களுக்கும் திருப்போரூர்க்காரருக்கும் இதையே சொல்வேன். தூண்டில் பெட்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுவையுங்கள். என்ன மீன், என்ன நீளம், வைத்தீர்களா விட்டீர்களா என்று நாலு வார்த்தை எழுதுங்கள். ஏரி வாரியாக எழுதிய நோட்டு இருந்தால் எனக்கு நகல் அனுப்பலாம், மீன்வளக் கல்லூரி மாணவர்களிடம் சேர்த்துவிடுகிறேன்.